வீட்டிலேயே குளூட்டன் இல்லாத லைட் பீர்: அறிவியல் கைகொடுக்கிறது, சட்டம்?

குருகிராமில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்குச் சில வருடங்களுக்கு முன்பு செலியாக் நோய் இருப்பது தெரியவந்தது. சப்பாத்தி, பிரெட், பிஸ்கட் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஆபீஸ் பார்ட்டிகளில் பீரையும் விட்டாக வேண்டியிருந்தது. "சாப்பாட்டைக்கூட சமாளிச்சுடலாம். கையில தண்ணி கிளாஸோட நிக்கும்போது ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்றதுதான் கஷ்டம்" என்பார். போன மாதம் அவர் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை: "அரிசியிலயும் கம்புலயும் லைட்டா ஒரு லாகர் நாமளே வீட்டுல போட்டுக்க முடியாதா?"

ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். ஆனால் தானியத்தின் வேதியியல், லேபிளில் இருக்கும் ஓட்டை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் மதுச் சட்டம் மூன்றும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மது எந்த அளவிலும் முழுப் பாதுகாப்பானது அல்ல என்பது 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகச் சொன்ன நிலைப்பாடு. குளூட்டனை எடுத்துவிட்டால் பீர் ஆரோக்கிய பானம் ஆகிவிடாது. இங்கே நாம் பேசுவது வேறு விஷயம். சட்டப்படி மது குடிக்கும் வயதுள்ள ஒருவர், தன் உடலுக்கு ஒவ்வாத ஒரு பொருள் அந்தக் கிளாஸில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இந்த நாட்டில் வழி இருக்கிறதா?

குளூட்டன் யாருக்குப் பிரச்சினை?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் ஒரு புரதக் குடும்பத்தைத்தான் பொதுவாகக் குளூட்டன் என்கிறோம். பார்லியில் இருப்பதற்கு ஹோர்டீன் என்று தனிப் பெயரே உண்டு. செலியாக் நோய் உள்ளவர் இதைச் சாப்பிட்டால், அவரது நோய் எதிர்ப்பு அமைப்பே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். சத்துகள் உடலில் சேராமல் போகும். ரத்தசோகை, எடை குறைவு, எலும்பு பலவீனம் என்று அது பல முகங்களில் வெளியே தெரியும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே சிகிச்சை.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தரவு வேறு கதை சொல்கிறது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. தென்னிந்தியாவுக்கான களம் வேலூர். செலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் வடக்கில் 1.23%, வடகிழக்கில் 0.87%, தெற்கில் 0.10% பேரிடம் இருந்தன.

இந்த வித்தியாசத்துக்கு மரபணு காரணமா என்றால், அப்படித் தெரியவில்லை. நோய்க்கு வழிவிடும் மரபணுக்கள் வடக்கில் 38.1% பேரிடமும், தெற்கில் 36.4% பேரிடமும் இருந்தன. கிட்டத்தட்ட சமம். தட்டில்தான் வித்தியாசம் தெரிந்தது. சராசரியாக ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக டெல்லி, குருகிராம், புனே என்று போன உங்களுக்கு இந்த எண்கள் முக்கியம். ஊரில் இட்லி, சோறு. புது ஊரில் ரொட்டி, பராட்டா, வார இறுதியில் பீர். இடம் மாறினால் நோய் வந்துவிடும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் "நமக்கெல்லாம் வராது" என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்பது தெளிவு.

சந்தேகம் இருந்தால் நீங்களே குளூட்டனை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் சரியாகத் தெரியும். முதலில் பரிசோதனை, பிறகு உணவு மாற்றம். அதுதான் வரிசை.

'லைட்' என்றால் குளூட்டன் குறைவா?

இல்லை. இந்தக் குழப்பம் ரொம்பப் பரவலாக இருக்கிறது.

'லைட்' என்பது பொதுவாகக் கலோரியை, ஆல்கஹால் அளவை, அல்லது ருசியின் கனத்தைக் குறிக்கும் சொல். லாகர் என்பது குறைந்த வெப்பநிலையில் நொதித்து, குளிரில் பல வாரம் வைத்துப் பதப்படுத்தும் பீர் வகை. இரண்டுக்கும் குளூட்டனோடு நேரடித் தொடர்பு கிடையாது.

"அரிசி சேர்த்த பீர்" என்பது இன்னொரு குழப்பம். உலகெங்கும் விற்கும் பல லைட்டான லாகர்களில் அரிசியோ மக்காச்சோளமோ சேர்ப்பது உண்மைதான். பட்வைசரில் அரிசி சேர்ப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அது பார்லி மால்ட்டோடு சேர்ந்துதான் வருகிறது. சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் பருப்பு குறையும், பருப்பே இல்லாமல் போகாது. அதே கதைதான் இங்கேயும்.

'குளூட்டன் ஃப்ரீ' பீரில் இரண்டு ரகம்

கடையிலோ வெளிநாட்டிலோ இந்த லேபிளைப் பார்த்தால், அதற்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு தயாரிப்பு முறைகள் இருக்கலாம்.

முதல் முறை: ஆரம்பத்திலிருந்தே பார்லியும் கோதுமையும் இல்லாமல் செய்வது. சோளம், கம்பு, கேழ்வரகு, அரிசி, மக்காச்சோளம் போன்றவைதான் மூலப்பொருள்.

இரண்டாவது முறை: வழக்கம்போல பார்லியில் செய்து, நொதிக்கும்போது ஒரு என்சைமைச் சேர்ப்பது. பீரைக் குளிரவைக்கும்போது அது கலங்கிப் போவதைத் தடுக்கத்தான் இந்த என்சைம் முதலில் சந்தைக்கு வந்தது. குளூட்டன் புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் அதிகம். என்சைம் சரியாக அந்த இடங்களில் வெட்டிப் புரதத்தைத் துண்டு துண்டாக்கும். பிறகு பரிசோதித்தால் குளூட்டன் அளவு 20 பிபிஎம்-க்குக் கீழே, அதாவது ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே வரும்.

பிரச்சினை அந்தப் பரிசோதனையில்தான். வழக்கமான ஒரு வகைச் சோதனை, குளூட்டன் மூலக்கூறை இரண்டு இடங்களில் பிடித்தால்தான் அதை எண்ணும். துண்டான புரதத்தில் பிடிப்பதற்கு ஒரு இடம்தான் மிஞ்சியிருக்கலாம். அப்போது சோதனையில் எதுவும் தெரியாது. ஆனால் உடல் அந்தத் துண்டை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒரு இடத்தில் பிடித்தாலே எண்ணும் வேறு சோதனை முறை இருக்கிறது. அதுவும் எல்லாத் துண்டுகளையும் காட்டுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 2017-ல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், செலியாக் நோயாளிகள் சிலரது ரத்த மாதிரிகள் என்சைம் போட்ட பார்லி பீருக்கு எதிர்வினை காட்டின. பார்லியே இல்லாமல் செய்த பீருக்கு அப்படி நடக்கவில்லை.

அதனால்தான் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. அமெரிக்காவில் பார்லி மால்ட்டில் செய்த பீரை 'குளூட்டன் ஃப்ரீ' என்று விற்க முடியாது. 'குளூட்டனை நீக்குவதற்காகப் பதப்படுத்தியது' என்ற ரீதியில்தான் எழுத வேண்டும். 2020-ல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் கொண்டுவந்த விதி, நொதித்த உணவுகளில் முடிவுப் பொருளைச் சோதித்தால் போதாது, நொதிப்பதற்கு முன்பே மூலப்பொருள் குளூட்டன் இல்லாததாக இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 20 பிபிஎம்-க்குக் கீழே இருந்தால் பார்லி பீரும் அந்த லேபிளைப் போடலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் சோதனையில் கண்டறியக்கூடிய குளூட்டனே இருக்கக் கூடாது.

இந்தியாவில்? எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பொதுவான உணவுத் தர விதிகளில் 'குளூட்டன் இல்லாத உணவு' என்பதற்கு 20 பிபிஎம் வரம்பு இருக்கிறது. மது பானங்களுக்குத் தனித் தர விதிகள் 2018-ல் வெளியாகி, 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. கோதுமை, பார்லி, ரை ஆகியவை லேபிளில் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் என்று 2020-ன் லேபிள் விதிகள் பட்டியலிடுகின்றன. ஆனால் தானியத்திலேயே குளூட்டன் இல்லாத பீர், என்சைம் போட்டுக் குறைத்த பீர் என்று அமெரிக்கா பிரித்துக் காட்டுவதைப் போன்ற ஏற்பாடு இங்கே வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

650 மில்லி பாட்டிலும் 13 மில்லிகிராமும்

இந்த 20 பிபிஎம் என்ற எண்ணை இந்திய பாட்டிலில் போட்டுப் பார்க்கலாம்.

செலியாக் உள்ள பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரையிலான குளூட்டன் குடலைப் பாதிக்க வாய்ப்பு குறைவு என்பது மருத்துவ உலகில் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. 50 மில்லிகிராம் தினமும் போனால் பாதிப்பு வரும் என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஒரு லிட்டர் பீரைத் தோராயமாக ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம். ஐரோப்பாவில் வழக்கமான 330 மில்லி பாட்டிலில் அது 6.6 மில்லிகிராம். 10-க்குக் கீழே. ஆனால் இந்தியாவில் பரவலாக விற்பது 650 மில்லி பாட்டில். அதில் 13 மில்லிகிராம். லேபிள் விதிப்படி எல்லாம் சரி, ஆனால் ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு தாண்டிவிடுகிறது. அதோடு சாப்பிடும் மிக்ஸரில், சாஸில் ஒளிந்திருப்பது தனி.

எல்லா பாட்டிலிலும் 13 மில்லிகிராம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. வரம்பை ஒட்டி இருந்தால் நடக்கக்கூடிய உச்சம் இது. ஆனால் ஒரு வரம்பு வாங்குபவரைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் அந்த உச்சம்தான்.

சரி, வீட்டில் செய்வது எப்படி இருக்கும்?

சட்டத்துக்கு அப்புறம் வருவோம். இது சாத்தியமா என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

பீரின் அடிப்படை எளிது. தானியத்தை முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹால் ஆகும். இதில் முதல் படி நமக்குப் புதிதே அல்ல. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச, கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைக்கும் அம்மாக்கள் செய்வதும் மால்ட்டிங்தான். முளைகட்டிய மாவில் கஞ்சி நீர்த்து வருவதற்குக் காரணம், மாவுச்சத்தை உடைக்கும் அதே என்சைம்கள்.

சிக்கல் இரண்டாவது படியில் வருகிறது. பார்லியின் மாவுச்சத்து 60 முதல் 65 டிகிரி செல்சியஸிலேயே குழைந்து திறந்துகொள்ளும். அதே வெப்பத்தில் அதன் என்சைம்களும் நன்றாக வேலை செய்யும். ஒரே பாத்திரத்தில் வேலை முடிந்துவிடும். சோளம், கம்பு போன்றவற்றின் மாவுச்சத்து குழைய 70 டிகிரியும் அதற்கு மேலும் தேவைப்படும். அந்தச் சூட்டில் அவற்றின் முக்கிய என்சைம்கள் செயலிழக்கத் தொடங்கிவிடும். பூட்டு திறக்கும் நேரத்தில் சாவி உருகிப் போவதைப் போல.

இதற்குத் தீர்வு உண்டு. என்சைம் கரைந்திருக்கும் தெளிந்த நீரை முதலில் தனியாக எடுத்துவைத்து, மீதியை நன்றாக வேகவைத்து, ஆறியதும் அந்த நீரைத் திரும்பச் சேர்க்கலாம். அல்லது சூட்டைத் தாங்கும் என்சைமைக் கடையில் வாங்கிப் போடலாம். அதுவும் வேண்டாம் என்பவர்கள் சோளத்திலோ அரிசியிலோ செய்த ரெடிமேட் சிரப்பைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் பீர் செய்வது சட்டப்படி சரியாக உள்ள நாடுகளில், லைட் லாகருக்குப் பலரும் எடுக்கும் சுலபமான பாதை இதுதான்.

கணக்கு இப்படி வரும். 20 லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ சிரப். கரைசலின் ஒப்படர்த்தி 1.040-ல் தொடங்கி, நொதித்து முடிந்ததும் 1.008-க்கு இறங்கினால், ஆல்கஹால் சுமார் 4.2%. லைட்டான லாகர்தான். சிரப்பில் ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்து குறைவு என்பதால் தனியாக ஈஸ்ட் ஊட்டம் சேர்க்க வேண்டியிருக்கும். பார்லியின் புரதம் இல்லாததால் நுரை சீக்கிரம் அடங்கிவிடும்.

அடுத்த தடை வெயில். லாகர் ஈஸ்ட் 10 முதல் 13 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு வாரம் வேலை செய்ய வேண்டும். பிறகு வெண்ணெய் வாடை போக 16 டிகிரி அளவில் சில நாள். அதன் பிறகு 0 முதல் 4 டிகிரியில் மூன்று நான்கு வாரம். மொத்தம் ஆறு, ஏழு வாரம். 30 டிகிரி ஓடும் ஊரில் தனி ஃபிரிட்ஜும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லாமல் இது நடக்காது.

இதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது. செலியாக் உள்ளவருக்கு உண்மையான ஆபத்து மாவு மில்லில் இருக்கிறது.

கம்பைக் கொண்டுபோய் அரைக்கும் அதே மெஷினில்தான் உங்களுக்கு முன்னால் நின்றவரின் கோதுமை அரைபட்டிருக்கும். கோதுமை மாவில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு புரதம், அதில் பெரும்பகுதி குளூட்டன். ஒரு கிராம் மாவில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 5 கிராம் ஒட்டிக்கொண்டு வந்தால் 400 மில்லிகிராம். அத்தனையும் 20 லிட்டர் பீருக்குள் போனால் லிட்டருக்கு 20 மில்லிகிராம். நடைமுறையில் ஒரு பகுதி வடிகட்டும்போது போய்விடும். ஆனாலும் இரண்டு டீஸ்பூன் மாவு, ஒரு தொகுதி பீரையே வரம்புவரை கொண்டுபோக முடியும் என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் செய்தி.

முன்பு பார்லி பீர் செய்த பிளாஸ்டிக் பாத்திரத்தின் கீறல்கள், பார்லிக் கரைசலில் வளர்த்த திரவ ஈஸ்ட் போன்றவையும் இதே பட்டியலில் வரும். தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க முடியும். வீட்டில் 'நான்தானே செஞ்சேன்' என்ற நம்பிக்கை மட்டும்தான் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மது, அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உற்பத்தி, வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல், வாங்குதல், விற்றல் எல்லாமே மாநிலத்தின் அதிகாரம். அதனால் 'இந்தியாவில் வீட்டில் பீர் செய்யலாமா?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் பெரும்பாலான மாநிலச் சட்டங்களின் அடிப்படை ஒன்றுதான்: உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'சொந்த உபயோகத்துக்கு' என்பது பொதுவாகத் தப்பிக்கும் வழி அல்ல.

தமிழ்நாட்டில் இன்றும் அமலில் இருப்பது 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியபோது ராஜாஜி பிரதமராக இருந்த சென்னை மாகாண அரசு கொண்டுவந்தது. இன்று அரசே டாஸ்மாக் மூலம் மது விற்கிறது, ஆனால் சட்டத்தின் பெயரும் அடிப்படைத் தடையும் அப்படியே இருக்கின்றன. விற்பனைதான் விதிவிலக்கு. இந்தச் சட்டப்படி மது தயாரிப்பது மட்டும் குற்றமல்ல, தயாரிப்பதற்கான பொருட்களையும் பாத்திரங்களையும் வைத்திருப்பதும் குற்றம். ஆன்லைனில் 'ஹோம் ப்ரூ கிட்' விற்பனைக்கு இருக்கிறது என்பதால், அதைப் பயன்படுத்துவது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

கர்நாடகம், ஹரியானா, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் மைக்ரோபுரூவரிகளுக்கு உரிமம் தருகின்றன. பெங்களூரிலும் குருகிராமிலும் புனேயிலும் நீங்கள் பார்க்கும் அந்தச் செம்பு நிறத் தொட்டிகள் எல்லாம் வணிக உரிமத்தில் நடப்பவை. அது வீட்டுச் சமையலறைக்குப் பொருந்தாது.

வெளிநாட்டில் நிலைமை வேறு. பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் செய்ய உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 கேலன் என்று கூட்டாட்சி வரியிலிருந்து விலக்கு அளித்தது. நீங்கள் அங்கே வேலை செய்பவராக இருந்தால், மேலே சொன்ன சிரப் முறை உங்களுக்குச் சட்டபூர்வமான பொழுதுபோக்கு. இங்கே அது வழக்கு.

'என் வீட்டில் என் விருப்பம், அந்தரங்க உரிமை இல்லையா?' என்று கேட்கலாம். மது வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை அல்ல என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது அரசமைப்பின் 47-வது பிரிவு. வீட்டுக்குள் குடிப்பதை அந்தரங்க உரிமையாகப் பார்க்கலாமா என்ற கேள்வியோடு வந்த மனுக்களை விசாரிக்கலாம் என்று 2021-ல் குஜராத் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் குடிப்பதற்கான வாதத்தைத் தயாரிப்பதற்கும் நீட்டுவது இன்னும் வெகு தூரம்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு

அரசு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு ஒரு நியாயம் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே மாத இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுள் சிறைவரை தண்டனையைக் கடுமையாக்கியது.

இங்கே அறிவியலையும் சட்டத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தானியத்தை நொதிக்கவைத்துச் செய்யும் பீரில் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உருவாவதில்லை. விஷச் சாராயச் சாவுகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்து விற்கும் வலைப்பின்னல். வீட்டு பீரின் ஆபத்துகள் வேறு: சுத்தமில்லாத பாத்திரம், வாயு அழுத்தத்தில் வெடிக்கும் பாட்டில்.

ஆனால் கதவைத் தட்டும் அதிகாரிக்கு, ஊறிக்கொண்டிருக்கும் 20 லிட்டர் டிரம்மில் இருப்பது பீரா, சாராயத்துக்கான ஊறலா என்று பார்த்தவுடன் தெரியாது. சட்டமும் அந்த வேறுபாட்டைக் கேட்பதில்லை. மாநிலம் முழுக்கக் கள்ளச்சாராயத்தைத் தேடும் ஓர் அமைப்பிடம் 'எனக்குச் செலியாக், அதான் சார்' என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்ள ஒரு பிரிவும் கிடையாது.

குளூட்டன் இல்லாத பீர் இந்தியாவுக்குப் புதிதா?

இதில் இருக்கும் முரண் இதுதான். உலகின் மிகப் பழைய குளூட்டன் இல்லாத பீர் மரபுகளில் சில நம் நாட்டிலேயே இருக்கின்றன. ஜார்க்கண்ட், ஒடிசாவின் ஹண்டியா அரிசியில் செய்வது. சிக்கிம், டார்ஜிலிங் மலைகளில் மூங்கில் குவளையில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் தோங்பா நொதித்த கேழ்வரகு. அஸ்ஸாமின் திமாசா மக்களின் அரிசி மதுவான ஜூடிமாவுக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது.

அஸ்ஸாம், அருணாச்சலப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்கள், பழங்குடிச் சமூகங்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்கும் சடங்குகளுக்கும் மரபு மதுவைத் தயாரிக்க வரம்புகளோடு விலக்கு தருகின்றன. அதாவது, 'வீட்டில், சொந்த உபயோகத்துக்கு, குறிப்பிட்ட அளவு' என்ற சட்ட வடிவம் இந்தியாவுக்கு அந்நியமானது அல்ல. அது மரபைப் பாதுகாப்பதற்கான விலக்கு. அதை நகரத்தில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம் அல்ல. ஆனால் அரசு நினைத்தால் சாராயத்தையும் வீட்டு நொதிப்பையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

தொழில் அளவிலும் முன்னுதாரணம் உண்டு. 1988-ல் நைஜீரியா பார்லி மால்ட் இறக்குமதிக்குத் தடை போட்டது. அங்குள்ள பெரிய ஆலைகள் வேறு வழியின்றி சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறின. மேலே சொன்ன 'சாவி உருகும்' பிரச்சினையை வெளியிலிருந்து என்சைம் சேர்த்துச் சமாளித்தார்கள். ஒரு நாட்டின் பெரும்பகுதி பீரே சோளத்தில் ஓடியது.

2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவிக்க முன்மொழிந்தது இந்தியாதான். பிஸ்கட், நூடுல்ஸ், லட்டு என்று எல்லாவற்றிலும் சிறுதானியம் வந்தது. அதே கம்பில் உரிமம் பெற்ற ஆலை ஒன்று, சோதித்து, லேபிள் ஒட்டி ஒரு லாகரை விற்றால், செலியாக் உள்ளவர் சமையலறையில் ரிஸ்க் எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அப்போ என்ன செய்யலாம்?

நண்பருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தியாவில் இருந்தால், வீட்டில் செய்வதை விட்டுவிடுங்கள். மாநில உரிமம் இல்லாமல் அது உங்கள் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தேவையில்லாத வழக்கு. ஹரியானாவிலிருந்து ஊருக்கு வரும்போது காரில் கிட்டை வைத்துக்கொண்டு மாநில எல்லைகளைத் தாண்டுவது இன்னும் மோசம்.

குளூட்டன் இல்லாத பீர் எங்காவது கிடைத்தால், முன்பக்கம் இருக்கும் பெரிய எழுத்தை நம்பாமல் பின்பக்கம் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். 'பார்லி மால்ட்' என்று இருந்தால் அது என்சைம் ரகம். செலியாக் உறுதியானவர்களுக்கு அது சந்தேகத்துக்குரியது. மைக்ரோபுரூவரியில் 'மில்லட் பீர்' என்று எழுதியிருந்தால், 'முழுக்கச் சிறுதானியமா, பார்லியும் சேர்த்ததா?' என்று கேளுங்கள். அடுத்த கேள்வி, 'அதே குழாய், அதே தொட்டியில்தான் கோதுமை பீரும் ஓடுகிறதா?' பதில் தெளிவாக வரவில்லை என்றால் குடிக்காமல் விடுவதே நல்லது.

செலியாக் இல்லாமல், 'லைட்டா இருக்கும்' என்பதற்காக மட்டும் இதைத் தேடுகிறீர்களா? அப்படியானால் பெரிய பலன் இல்லை. 4.2% பீர் ஒரு 650 மில்லி பாட்டிலில் ஆல்கஹால் மட்டுமே சுமார் 150 கலோரி தரும். அதில் குளூட்டன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு மாறாது.

அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பார்லியே இல்லாத பீரையும் பார்லியில் செய்து குளூட்டன் குறைத்த பீரையும் லேபிளிலேயே பிரித்துக் காட்டுவது. இதற்கு எந்த மாநிலத்தின் மதுக் கொள்கையும் மாற வேண்டியதில்லை, எஃப்எஸ்எஸ்ஏஐ மனசு வைத்தால் போதும். இரண்டாவது, வரம்பை நிர்ணயிக்கும்போது நம் ஊர் 650 மில்லி பாட்டிலையும் கணக்கில் எடுப்பது.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆக, கம்பு இருக்கு, டெக்னாலஜி இருக்கு, குடிக்கிறதுக்கு ஆளும் இருக்கு. லேபிள்தான் இல்ல" என்றார். வேறு விதமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்த வார பார்ட்டியிலும் அவர் கையில் தண்ணீர் கிளாஸ்தான் இருந்தது.